வணிக ஆதரவு பெற்ற இயங்குதளங்களில் தனிப்பயன் கெர்னலும் சேவையக மெய்நிகராக்கமும்: ஆதரவு எல்லை குறித்த ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஒரே வன்பொருளில் பல சேவையகங்களைத் தனித்தனியே இயக்கும் முறை சேவையக மெய்நிகராக்கம் எனப்படுகிறது. இதற்கெனத் தோன்றிய தொடக்ககால நுட்பங்கள் பலவும் இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலை மாற்றியமைத்தே செயல்பட்டன. வணிக ஆதரவுடன் விற்கப்படும் இயங்குதளங்களோ, விற்பனையாளர் வழங்கிய கெர்னல் மாற்றப்படாமல் இருக்கும் வரையில்தான் ஆதரவுக்கு உரியவை. இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான முரணை இக்கட்டுரை ஆராய்கிறது. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் இயங்குதளத்தையும், அதன்மீது இயங்கிய ஸென், ஓபன்-வி.இசட்., கே.வி.எம். ஆகிய மூன்று நுட்பங்களையும் சான்றாகக் கொண்டு, ஆதரவு முறியும் இடங்கள் எவை, அம்முறிவின் சுமை யாரைச் சேர்கிறது, தனிப்பயன் கெர்னல் தவிர்க்க இயலாததாகும்போது அதனை எந்த அடுக்கில் வைப்பது தகும் என்பன விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: மெய்நிகராக்கம், கெர்னல், வணிக ஆதரவு, ஸென், ஓபன்-வி.இசட்., கே.வி.எம்., கொள்கலன், பின்கொணர்தல்.

1. முன்னுரை

பல்கலைக்கழக ஆய்வகங்களிலும் நிறுவனங்களிலும் சேவையகம் வாங்கப்படும்போது, வன்பொருளுடன் இயங்குதளத்திற்கான ஆதரவு ஒப்பந்தமும் சேர்த்து வாங்கப்படுவது வழக்கம். பழுது நேர்ந்தால் விளக்கம் கேட்கவும், பாதுகாப்புக் குறைகளுக்கான திருத்தங்களை உரிய காலத்தில் பெறவும் இவ்வொப்பந்தம் வழிசெய்கிறது. பின்னர் அதே சேவையகத்தில் ஓர் ஆய்வுத் தேவைக்காகவோ மெய்நிகராக்கத் தேவைக்காகவோ வேறொரு கெர்னல் நிறுவப்படுகிறது. இயங்குதளத்தின் பெயர் மாறுவதில்லை, கட்டளைகள் மாறுவதில்லை, ஆண்டுக் கட்டணமும் தொடர்கிறது. ஆயினும் வாங்கிய ஆதரவின் பெரும்பகுதி அந்தக் கணத்திலேயே செயலற்றுப் போகிறது. சேவையகம் நிலைகுலையும் நாளில்தான் பலருக்கும் இது தெரியவருகிறது.

மெய்நிகராக்க நுட்பங்களை அவற்றின் வேகம், தனிமைப்படுத்தும் திறன், வளப் பயன்பாடு ஆகியவற்றைக் கொண்டு ஒப்பிடுவதே பெருவழக்கு. எந்த நுட்பம் எவருடைய கெர்னலை வேண்டுகிறது என்னும் வினா அவற்றுக்கு நிகரான முக்கியத்துவம் உடையது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

இங்குப் பயன்படும் சொற்கள் சிலவற்றை முதலில் வரையறுத்துக்கொள்வது நலம். வன்பொருளின்மேல் நேரடியாக இயங்கும் இயங்குதளத்தைப் புரவலர் என்றும், அதனுள் இயங்கும் மெய்நிகர் இயந்திரத்தின் இயங்குதளத்தை விருந்தினர் என்றும் குறிக்கிறோம். கெர்னலுக்கு வெளியே இயங்கும் நூலகங்களும் பயன்பாட்டு நிரல்களும் பயனர்வெளி எனப்படும். விற்பனையாளர் வழங்கிய வடிவில் அல்லாமல், பயனரோ மூன்றாம் தரப்பினரோ மாற்றித் தொகுத்த கெர்னல் தனிப்பயன் கெர்னல் ஆகும்.

2. உரிமமும் ஆதரவும்

லினக்ஸ் கெர்னல் ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பு உரிமத்தின்கீழ் வழங்கப்படுகிறது. 1991இல் வெளியான இவ்வுரிமம் மூலநிரலைப் படிக்கவும் மாற்றவும் மறுபகிர்வு செய்யவும் எவருக்கும் உரிமை தருகிறது. அதே உரிமத்தின் 11, 12 ஆம் பிரிவுகள், மென்பொருளுக்கு எவ்வித உத்தரவாதமும் இல்லை எனக் கூறுகின்றன. விரும்புவோர் கட்டணம் பெற்று உத்தரவாதம் அளிக்கலாம் என்பதை முதற்பிரிவு அனுமதிக்கிறது. வணிக லினக்ஸ் நிறுவனங்களின் தொழில் இவ்விடைவெளியில் அமைந்ததே. மாற்றும் உரிமையை உரிமம் தருகிறது. மாற்றாத நிலைக்கான பொறுப்பை ஒப்பந்தம் ஏற்கிறது. உரிமம் தரும் சுதந்திரத்தைப் பயன்படுத்தும் ஒருவர், அதே செயலால் ஒப்பந்தம் தரும் பாதுகாப்பிலிருந்து விலகக்கூடும். இவை ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. வெவ்வேறு ஆவணங்கள் வெவ்வேறு பொருள்களைப் பற்றிப் பேசுகின்றன.

விற்பனையாளர் தமது கெர்னலுக்கு மட்டும் பொறுப்பேற்பதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் உண்டு. முதலாவது, சோதனையும் சான்றளிப்பும். குறிப்பிட்ட கெர்னல், குறிப்பிட்ட வன்பொருள், குறிப்பிட்ட தரவுத்தள மென்பொருள் ஆகியவை சேர்ந்து இயங்குவது சோதிக்கப்பட்டே சான்று வழங்கப்படுகிறது. கெர்னல் மாறினால் அச்சோதனை முடிவுகள் பொருந்தா.

இரண்டாவது, பின்கொணர்தல். எண்டர்பிரைஸ் லினக்ஸின் ஐந்தாம் பதிப்பு 2007 மார்ச்சில் 2.6.18 கெர்னலுடன் வெளிவந்தது. ஆறாம் பதிப்பு 2010 நவம்பரில் 2.6.32 கெர்னலுடனும், ஏழாம் பதிப்பு 2014 ஜூனில் 3.10 கெர்னலுடனும் வந்தன. ஒரு பதிப்பின் வாழ்நாள் முழுவதும் இந்த அடிப்படை எண் மாறுவதில்லை. புதிய கெர்னல்களில் செய்யப்படும் பாதுகாப்புத் திருத்தங்களும் தேவையான புதிய வசதிகளும் பழைய எண் கொண்ட கெர்னலுக்குள் கொண்டுவந்து சேர்க்கப்படுகின்றன. ஆகவே விற்பனையாளரின் 2.6.18 கெர்னலும் முதன்மைக் களஞ்சியத்தில் 2006இல் வெளியான 2.6.18 கெர்னலும் ஒன்றல்ல. எண்ணை மட்டும் பார்த்து, முதன்மைக் களஞ்சியத்திலிருந்து எடுத்த உயர்ந்த எண் கொண்ட கெர்னல் மேலானது எனக் கருதுவது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும்.

மூன்றாவது, இடைமுக நிலைத்தன்மை. லினக்ஸ் முதன்மைக் கெர்னல் பயனர்வெளிக்கான அமைப்பு அழைப்புகளை நிலையாகக் காக்கிறது. ஆனால் தன் உள் இடைமுகங்களைக் காப்பதாக உறுதியளிப்பதில்லை. ரெட் ஹேட் நிறுவனமோ, கெர்னலின் குறியீட்டுப் பெயர்களில் ஒரு பகுதியைத் தேர்ந்து, ஒரு முதன்மைப் பதிப்பின் காலம் முழுவதும் அவற்றின் அமைப்பு மாறாது எனப் பட்டியலிடுகிறது. சேமிப்பக நிறுவனங்களும் வலையட்டை நிறுவனங்களும் தங்கள் சாதன இயக்கி நிரல்களை இப்பட்டியலை நம்பியே தொகுத்து வழங்குகின்றன. தனிப்பயன் கெர்னல் நிறுவப்பட்டவுடன் அந்த இருமக் கோப்புகள் ஏற்றப்படாமல் போகலாம்.

3. கெர்னலை மாற்றும் தேவையின் தோற்றம்

மெய்நிகராக்கத்திற்கு ஏன் கெர்னலை மாற்ற வேண்டியிருந்தது என்பதற்கான விடை செயலியின் கட்டமைப்பில் உள்ளது. 1974இல் ஜெரால்ட் போப்பெக், ராபர்ட் கோல்ட்பர்க் இருவரும் ஒரு கணினிக் கட்டமைப்பு மெய்நிகராக்கத்திற்கு ஏற்றதாவதற்குரிய நிபந்தனைகளை வகுத்தனர். வளங்களின் நிலையை மாற்றும் கட்டளைகளும் அந்நிலையை வெளிப்படுத்தும் கட்டளைகளும் உணர்திறன் கட்டளைகள் எனப்பட்டன. இவை யாவும் குறைந்த அதிகாரத்தில் இயக்கப்பட்டால் செயலி இடைமறித்து மேற்பார்வை நிரலிடம் கட்டுப்பாட்டை ஒப்படைக்க வேண்டும் என்பது அவற்றுள் தலையாயது.

இன்டெல் எக்ஸ்86 கட்டமைப்பு இந்நிபந்தனையை நிறைவு செய்யவில்லை. பென்டியம் செயலியை ஆராய்ந்து 2000இல் வெளியான ராபின், இர்வைன் ஆகியோரின் ஆய்வு, உணர்திறன் உடையவையாயினும் இடைமறிக்கப்படாத 17 கட்டளைகளைச் சுட்டியது. இக்கட்டளைகளுள் சில குறைந்த அதிகாரத்தில் இயங்கும்போது பிழை எதனையும் எழுப்பாமல் தம் செயலைப் பாதியில் விட்டுவிடும். இதனால் விருந்தினர் கெர்னல் தன் கட்டளை நிறைவேறியதாகக் கருதிக்கொண்டு தவறான நிலையில் தொடரும்.

இச்சிக்கலைத் தீர்க்க மூன்று வழிகள் தோன்றின. கட்டளைகளை இயக்கத்தின்போதே மொழிபெயர்த்து மாற்றுவது ஒன்று, வி.எம்.வேர் நிறுவனம் இதனைக் கையாண்டது. விருந்தினர் கெர்னலின் மூலநிரலையே மாற்றி, சிக்கலான கட்டளைகளுக்குப் பதிலாக மேற்பார்வை நிரலை நேரடியாக அழைக்கச் செய்வது மற்றொன்று. இதுவே ஸென் நுட்பத்தின் வழி. தனிக் கெர்னல்களே வேண்டாம், ஒரே கெர்னலுக்குள் பல தனித்த பயனர்வெளிகளை அமைக்கலாம் என்பது மூன்றாவது. இது கொள்கலன் முறை. பின்னிரண்டும் கெர்னல் மாற்றத்தைக் கோருபவை.

4. ஸென்: இரு அடுக்கிலும் மாற்றம்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் உருவான ஸென் நுட்பம் 2003இல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்தது. இதில் வன்பொருளின்மேல் ஒரு சிறிய மேற்பார்வை நிரல் அமர்கிறது. அதன்மேல் சிறப்பு அதிகாரம் பெற்ற லினக்ஸ் ஒன்று இயங்கி, சாதனங்களைக் கையாண்டு, பிற விருந்தினர்களுக்குப் பணி செய்கிறது. அந்தச் சிறப்பு லினக்ஸின் கெர்னலும் மாற்றப்பட்டிருக்க வேண்டும். விருந்தினர் கெர்னல்களும் மாற்றப்பட்டிருக்க வேண்டும்.

மாற்றப்பட்ட கெர்னலை விற்பனையாளரே வழங்கினால் ஆதரவுச் சிக்கல் எழாது. 2006இல் வெளிவந்த சூசே எண்டர்பிரைஸ் சேவையகத்தின் பத்தாம் பதிப்பும், 2007இல் வெளிவந்த ரெட் ஹேட்டின் ஐந்தாம் பதிப்பும் ஸென் கெர்னலைத் தனிப் பொதியாகத் தம்முடன் வழங்கின. ஆயின் விற்பனையாளருக்கு இது பெருஞ்சுமையாயிற்று. விருந்தினராக இயங்குவதற்கான நிரற்பகுதி 2007 அக்டோபரில் வெளிவந்த 2.6.23 கெர்னலிலேயே முதன்மைக் களஞ்சியத்தில் இணைந்துவிட்டது. சிறப்பு அதிகாரம் பெற்ற புரவலர் பகுதியோ நெடுங்காலம் வெளியிலேயே நின்றது. ஸென் திட்டத்தின் திருத்தங்கள் 2.6.18 கெர்னலை ஒட்டியே இருந்ததால், புதிய கெர்னல் ஒவ்வொன்றுக்கும் அவற்றை மீண்டும் பொருத்தும் வேலை வழங்கல் நிறுவனங்களின்மேல் விழுந்தது. ஃபெடோரா திட்டம் தன் எட்டாம் பதிப்புக்குப்பின் ஸென் புரவலர் கெர்னலைக் கைவிட்டு, 2011இல் வந்த பதினாறாம் பதிப்பில்தான் மீண்டும் ஏற்றது. இடையே, 2011 ஜூலையில் வெளியான லினக்ஸ் 3.0 பதிப்பில் தேவையான பகுதிகள் முதன்மைக் களஞ்சியத்தில் நிறைவு பெற்றிருந்தன.

இந்த இடைவெளியில்தான் எண்டர்பிரைஸ் லினக்ஸின் ஆறாம் பதிப்பு வெளிவந்தது. அதில் ஸென் விருந்தினராக இயங்கும் வசதி இருந்தது. ஸென் புரவலராக இயங்கும் வசதி நீக்கப்பட்டிருந்தது. ஐந்தாம் பதிப்பில் ஸென் புரவலர்களை அமைத்திருந்தோர் முன் நான்கு வழிகளே நின்றன. 2017 மார்ச் வரை வழக்கமான ஆதரவு இருந்த ஐந்தாம் பதிப்பிலேயே தங்கியிருப்பது. எல்லா மெய்நிகர் இயந்திரங்களையும் கே.வி.எம். நுட்பத்திற்கு மாற்றுவது, ஸென்னை ஆதரிக்கும் வேறு வணிக இயங்குதளத்திற்குச் செல்வது, ஆறாம் பதிப்பின் பயனர்வெளியின்கீழ் தாமே தொகுத்த ஸென் கெர்னலை இயக்குவது. நான்காவது வழியைத் தேர்ந்தோருக்கு இயங்குதளத்தின் பெயர் எஞ்சியது, ஆதரவு எஞ்சவில்லை. ரெட் ஹேட்டின் மூலநிரலிலிருந்து உருவான சென்ட்ஓஎஸ் ஆறாம் பதிப்புக்கு, 3.4 கெர்னலையும் ஸென் 4.2 பதிப்பையும் சேர்த்து வழங்கும் கூட்டு முயற்சி 2013இல் தொடங்கப்பட்டது. தனித்தனியே பலர் சுமந்த பொருத்தும் வேலையைப் பொதுவில் சுமக்க எடுத்த முயற்சி என இதனைக் கொள்ளலாம்.

5. ஓபன்-வி.இசட்.: ஒரே கெர்னல், பல பயனர்வெளிகள்

எஸ்.டபிள்யூ.சாஃப்ட் நிறுவனத்தின் விர்ச்சுவோசோ என்னும் வணிக மென்பொருளின் அடிப்படைப் பகுதி 2005இல் ஓபன்-வி.இசட். என்ற பெயரில் திறந்த மூலநிரலாக வெளியிடப்பட்டது. இதில் மெய்நிகர் இயந்திரம் என்பது இல்லை. ஒரே கெர்னலின்மேல் பல கொள்கலன்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பமைப்பும் தனிச் செயல்முறைப் பட்டியலும் தனி வலை முகவரியும் உண்டு. விருந்தினருக்கெனத் தனிக் கெர்னல் இன்மையால் நினைவகச் செலவு குறைவு. எனவே குறைந்த கட்டணத்தில் மெய்நிகர் சேவையகங்களை வாடகைக்கு விடுவோரிடையே இது பரவியது.

இதன் நிலையான கெர்னல்கள் ரெட் ஹேட்டின் கெர்னல் மூலநிரலை அடிப்படையாகக் கொண்டு, அதன்மேல் பெருந்தொகுதித் திருத்தங்களைச் சேர்த்து உருவாக்கப்பட்டன. ஐந்தாம் பதிப்பின் 2.6.18, ஆறாம் பதிப்பின் 2.6.32 ஆகிய இரண்டுக்கும் இத்தகைய கிளைகள் இருந்தன. விற்பனையாளரின் பின்கொணர்தல் உழைப்பின் பயனைப் பெறுவது இதன் நோக்கம். ஆயினும் விளைந்த கெர்னல் ரெட் ஹேட்டின் ஆதரவுக்கு உட்பட்டதன்று. கொள்கலனுக்குள் எண்டர்பிரைஸ் லினக்ஸின் பயனர்வெளியை நிறுவினாலும் அதன்கீழ் இயங்குவது வேறொருவரின் கெர்னல். ஆகவே ஆதரவு முறிவு புரவலரோடு நில்லாமல் கொள்கலன்கள் அனைத்திலும் பரவுகிறது.

பயனர்வெளிக்கும் கெர்னலுக்கும் இடையிலான வயது வேறுபாடு மற்றொரு சிக்கல். 2017 ஆகஸ்டில் வெளிவந்த குனு சி நூலகத்தின் 2.26 பதிப்பு, குறைந்தது 3.2 கெர்னலைக் கோரியது. 2.6.32 கெர்னலின்மேல் அமைந்த கொள்கலனில் இந்நூலகத்தைக் கொண்ட புதிய லினக்ஸ் வழங்கல் ஒன்றை நிறுவினால், கெர்னல் மிகப் பழையது என்று நூலகம் இயங்க மறுக்கும். கொள்கலனின் உரிமையாளர் கெர்னலை மாற்ற இயலாது. புரவலரை நடத்துவோர்தாம் வழிசெய்ய வேண்டும்.

இக்காலப்பகுதியில் கொள்கலனுக்குத் தேவையான அடிப்படைக் கூறுகள் மெல்ல மெல்ல முதன்மைக் கெர்னலில் இடம்பெற்றன. கூகுள் பொறியாளர்கள் தொடங்கிய வளக் கட்டுப்பாட்டுக் குழுக்கள் 2008 ஜனவரியில் வந்த 2.6.24 பதிப்பில் இணைந்தன. செயல்முறை எண்களுக்கான பெயர்வெளியும் அதே பதிப்பில் வந்தது; இதில் ஓபன்-வி.இசட். பொறியாளர்களின் பங்கு கணிசமானது. பயனர் பெயர்வெளி 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்பில் நிறைவு பெற்றது. கொள்கலனின் நிலையைச் சேமித்து மீட்கும் பணியும் கெர்னலுக்குள்ளிருந்து பயனர்வெளிக் கருவிக்கு நகர்த்தப்பட்டது. இவற்றால், விற்பனையாளரின் மாற்றப்படாத கெர்னலிலேயே கொள்கலன் இயக்குவது இயலுவதாயிற்று.

6. கே.வி.எம்.: கெர்னலுக்குள்ளேயே மேற்பார்வை

2005இல் இன்டெல் நிறுவனமும் 2006இல் ஏ.எம்.டி. நிறுவனமும் மெய்நிகராக்கத்திற்கான வன்பொருள் வசதியைச் செயலியிலேயே சேர்த்தன. விருந்தினர் கெர்னலை மாற்றவேண்டிய கட்டாயம் இதனால் நீங்கியது. இஸ்ரேலைச் சேர்ந்த கும்ரானெட் நிறுவனம் இவ்வசதியைக் கொண்டு, லினக்ஸ் கெர்னலையே மேற்பார்வை நிரலாக மாற்றும் ஒரு மாட்யூலை எழுதியது. 2006 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட இது 2007 பிப்ரவரியில் வெளிவந்த 2.6.20 கெர்னலிலேயே இணைந்துவிட்டது.

ஸென் புரவலர் பகுதி ஆண்டுக்கணக்கில் வெளியே நிற்க, கே.வி.எம். சில மாதங்களில் உள்ளே சென்றதற்குக் காரணம் அதன் எளிய அமைப்பு. ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரமும் புரவலருக்கு ஒரு செயல்முறை; அதன் ஒவ்வொரு மெய்நிகர் செயலியும் ஓர் இழை. நேரப் பங்கீடு, நினைவக மேலாண்மை, சாதனக் கையாளுகை ஆகியவற்றை லினக்ஸின் இருக்கும் பகுதிகளே செய்கின்றன. 2008 செப்டம்பரில் ரெட் ஹேட் நிறுவனம் கும்ரானெட்டை 10.7 கோடி டாலருக்கு வாங்கியது. 2009இல் ஐந்தாம் பதிப்பின் 5.4 வெளியீட்டில் கே.வி.எம். ஆதரவு சேர்க்கப்பட்டது. ஆறாம் பதிப்பில் அதுவே ஒரே புரவலர் நுட்பமாயிற்று.

இதன் விளைவை அடுக்குவாரியாகக் காணலாம். ஸென் முறையில் புரவலர், விருந்தினர் ஆகிய இரு கெர்னல்களும் மாற்றப்பட்டவை. ஓபன்-வி.இசட். முறையில் இரண்டுக்கும் பொதுவான ஒரே கெர்னல் மாற்றப்பட்டது. கே.வி.எம். முறையில் புரவலர் விற்பனையாளரின் கெர்னலிலேயே இயங்குகிறது; விருந்தினரும் தத்தம் விற்பனையாளரின் கெர்னலிலேயே இயங்கலாம். மேலும், விருந்தினருள் ஒன்றில் மட்டும் தனிப்பயன் கெர்னலை நிறுவினால் புரவலரின் ஆதரவும் பிற விருந்தினரின் ஆதரவும் பாதிக்கப்படுவதில்லை. தனிப்பயன் கெர்னலுக்கு ஒரு பாதுகாப்பான இடத்தை இவ்வமைப்பு தருகிறது என்பது கருதத்தக்கது.

7. ஆதரவு முறியும் இடங்கள்

தனிப்பயன் கெர்னல் நிறுவப்பட்ட புரவலரில் ஆதரவு நான்கு இடங்களில் முறிகிறது.

முதலாவது, பழுதாய்வு. லினக்ஸ் கெர்னல் தன் நிலையைப் பற்றிய கறைக்குறிகளைப் பதிவு செய்துவைக்கிறது. முதன்மைக் களஞ்சியத்திற்கு வெளியே எழுதப்பட்ட மாட்யூல், கையொப்பமிடப்படாத மாட்யூல், உரிமம் பொருந்தாத மாட்யூல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக்குறி உண்டு. பழுதறிக்கையில் முதலில் நோக்கப்படுவது இதுவே. முழுக் கெர்னலும் மாற்றப்பட்டிருந்தால், அதே பழுதை விற்பனையாளரின் கெர்னலில் மீண்டும் நிகழ்த்திக் காட்டுமாறு கேட்பது பொதுநடைமுறை. அக்கெர்னலில் மெய்நிகர் இயந்திரங்களே இயங்கா என்னும் நிலையில் இக்கோரிக்கையை நிறைவேற்ற இயலாது.

இரண்டாவது, பாதுகாப்புத் திருத்தம். டர்ட்டி கவ் என அறியப்பட்ட குறை 2007இல் வெளியான 2.6.22 கெர்னலிலிருந்தே இருந்து, 2016 அக்டோபரில்தான் வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. சாதாரணப் பயனர் முழு அதிகாரம் பெற அது வழிவிட்டது. விற்பனையாளரின் கெர்னலை வைத்திருந்தோர் வந்த பொதியை நிறுவி மறுதொடக்கம் செய்தால் போதும். தனிப்பயன் கெர்னல் வைத்திருந்தோர் திருத்தத்தைத் தாமே பொருத்தி, தொகுத்து, சோதித்து, நிறுவ வேண்டும். 2018 ஜனவரியில் வெளிப்பட்ட மெல்ட்டவுன் குறையின் திருத்தம் கெர்னலின் நினைவகப் பக்க அட்டவணை அமைப்பையே மாற்றியது. பழைய கெர்னல் ஒன்றுக்கு அதனைத் தனியொருவர் பின்கொணர்வது எளிதன்று. ஒரே கெர்னலைப் பகிரும் கொள்கலன்களும், மாற்றப்பட்ட கெர்னலுடன் இயங்கும் 64 துணுக்கு ஸென் விருந்தினர்களைக் கொண்ட புரவலர்களும் அக்குறைக்கு இலக்காயின என்பதும் நினைவிற்குரியது.

மூன்றாவது, சாதன இயக்கி நிரல்களும் அவற்றை நம்பிய வன்பொருள் நிறுவனங்களின் ஆதரவும். இடைமுகப் பட்டியல் பொருந்தாதபோது இயங்குதள நிறுவனம் மட்டுமின்றிச் சேமிப்பக நிறுவனமும் கைவிரிக்கக்கூடும்.

நான்காவது, துவக்க நம்பிக்கைச் சங்கிலி. பாதுகாப்பான துவக்கம் இயக்கப்பட்ட சேவையகங்களில் விற்பனையாளரின் கையொப்பம் உள்ள கெர்னலே ஏற்றப்படும். தனிப்பயன் கெர்னலுக்கு நிறுவனம் தன் சொந்தச் சாவியைப் பதிந்து, அதனைக் காக்கவும் வேண்டும். அல்லது அப்பாதுகாப்பையே அணைத்துவிட வேண்டும்.

விற்பனையாளரின் மூலநிரலைப் பின்பற்றுவதும் எப்போதும் எளிதாக இருந்ததில்லை. ஆறாம் பதிப்பிலிருந்து ரெட் ஹேட் நிறுவனம் தன் திருத்தங்களைத் தனித்தனியே தராமல், அனைத்தும் சேர்க்கப்பட்ட ஒரே மூலநிரல் தொகுப்பாக வெளியிடத் தொடங்கியது. இது 2011இல் பரவலான விவாதத்திற்கு உள்ளாயிற்று. உரிமத்தின் நிபந்தனை நிறைவேறியது. எந்தத் திருத்தம் எதற்காக என்று பிரித்தறிவது பிறருக்குக் கடினமாயிற்று. 2012இல் ஆரக்கிள் நிறுவனம் அத்திருத்தங்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும் பொதுக் களஞ்சியம் ஒன்றை வெளியிட்டது.

ஆரக்கிளின் நிலை வேறொரு வகையிலும் கருதத்தக்கது. 2006இலிருந்து ரெட் ஹேட்டுக்கு இணக்கமான லினக்ஸ் வழங்கலை அளித்துவந்த அந்நிறுவனம், 2010 செப்டம்பரில் அதே பயனர்வெளிக்குத் தன் சொந்தக் கெர்னலை அறிவித்து, அதற்குத் தானே ஆதரவு வழங்கியது. ஓபன்-வி.இசட். திட்டமும் 2016இல் வெளிவந்த ஏழாம் பதிப்பில், பிறர் இயங்குதளத்தில் நிறுவும் கெர்னல் என்ற நிலையை விட்டு, முழு லினக்ஸ் வழங்கலாகவே வெளிவந்தது. கெர்னலை மாற்றுவோர் இறுதியில் முழு இயங்குதளத்திற்கும் பொறுப்பேற்கும் நிலையை அடைகின்றனர் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன. பெருநிறுவனத்திற்கு இது ஒரு விற்பனைப் பொருள். ஓர் ஆய்வகத்திற்கு இது முடிவில்லாப் பணி.

8. நடைமுறை வழிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து சில நடைமுறை நெறிகளை வகுக்கலாம்.

அ. புரவலரில் விற்பனையாளரின் கெர்னலையே வைத்துக்கொள்ள வேண்டும். நேரப் பங்கீடு, கோப்பமைப்பு, வலைநெறி முதலியவற்றை ஆராயும் தனிப்பயன் கெர்னல்களை விருந்தினருக்குள் இயக்கலாம். அங்கு நிலைகுலைவு நேர்ந்தால் அந்த ஒரு மெய்நிகர் இயந்திரமே நிற்கும்.

ஆ. வன்பொருளை நேரடியாக அளவிட வேண்டிய ஆய்வாயின், அதற்கெனத் தனிச் சேவையகம் ஒதுக்குவதே முறை. அதற்கு ஆதரவு ஒப்பந்தம் வாங்குவது வீண்செலவு. பொதுச் சேவைகளை அதில் வைப்பது தவறு.

இ. முழுக் கெர்னலையும் மாற்றுமுன், மாட்யூல் ஒன்றே போதுமா எனப் பார்க்க வேண்டும். நிலையான இடைமுகப் பட்டியலுக்குள் அடங்கும் மாட்யூல் கெர்னல் மேம்பாடுகளைத் தாண்டி நிலைக்கும். ஆதரவு முறிவும் அம்மாட்யூல் சார்ந்த பகுதியோடு பெரும்பாலும் நிற்கும்.

ஈ. புரவலர் கெர்னலை மாற்றியே தீரவேண்டும் என்றால், முதன்மைக் களஞ்சியத்திலிருந்து தொடங்காமல் விற்பனையாளரின் மூலப் பொதியிலிருந்து தொடங்குவது நன்று. பதிப்புப் பெயரில் தனி ஒட்டுச்சொல் சேர்த்து, இது தனிப்பயன் கெர்னல் என்பது பார்த்த அளவில் விளங்கச் செய்ய வேண்டும். விற்பனையாளரின் கெர்னலைத் துவக்கப் பட்டியலிலிருந்து நீக்காமல் வைக்க வேண்டும். பழுதாய்வுக்குரிய குறிவிவரக் கோப்புகளை அதே தொகுப்பிலிருந்து எடுத்துப் பேண வேண்டும்; அவை இல்லையேல் நிலைகுலைவின்போது பதிவான நினைவகக் கோப்பு பயன்படாது.

உ. பாதுகாப்பு அறிவிப்பு வெளியாகும் நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் கெர்னல் மறுதொகுப்பு செய்யப்படும், அதனைச் செய்பவர் யார் என்பன எழுத்தில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகச் சூழலில் இது மிக இன்றியமையாதது. ஆய்வு மாணவர் சில ஆண்டுகளில் பட்டம் பெற்று வெளியேறுவார். அவர் தொகுத்த கெர்னல் சேவையகத்தில் தொடர்ந்து இயங்கும். எவ்வகைத் திருத்தங்கள் சேர்க்கப்பட்டன, ஏன் சேர்க்கப்பட்டன என்ற பதிவு இல்லையெனில், அடுத்து வருபவர் அதனைத் தொடவும் அஞ்சுவார்; மாற்றவும் அஞ்சுவார்.

ஊ. ஆய்வுக் கட்டுரைகளில் இயங்குதளத்தின் பெயரையும் பதிப்பையும் மட்டும் குறிப்பது போதாது. புரவலர், விருந்தினர் ஆகிய இரண்டின் கெர்னல் பதிப்புப் பெயரையும் முழுமையாகக் குறிப்பதோடு, தனிப்பயன் கெர்னலாயின் அதன் அமைவுக் கோப்பையும் திருத்தங்களையும் வெளியிட வேண்டும். பின்கொணர்தலால் ஒரே அடிப்படை எண் கொண்ட இரு கெர்னல்கள் வெவ்வேறு வேகமும் வெவ்வேறு நடத்தையும் காட்டக்கூடும்.

9. முடிவுரை

ஸென், ஓபன்-வி.இசட்., கே.வி.எம். ஆகிய மூன்றும் தொழில்நுட்ப நிலையில் தத்தமக்குரிய சிறப்புகளைக் கொண்டவை. ஆயினும் எண்டர்பிரைஸ் லினக்ஸின் புரவலர் அடுக்கில் கே.வி.எம். நிலைபெற்றதில், அது மாற்றப்படாத கெர்னலில் இயங்கும் என்பதற்கு முதன்மையான இடம் உண்டு. கொள்கலன் முறையும், அதன் கூறுகள் முதன்மைக் கெர்னலில் இணைந்த பின்னரே விற்பனையாளரின் ஆதரவு எல்லைக்குள் வந்தது. ஸென் புரவலர் பகுதி அவ்வாறு இணைய எடுத்துக்கொண்ட கால நீட்டிப்பு, அதனை நம்பியிருந்தோரை ஆதரவு எல்லைக்கு வெளியே நிறுத்தியது.

ஆதரவு என்பது இயங்குதளத்தின் பெயரோடு ஒட்டிய பண்பன்று. எந்தக் கெர்னலுக்கு யார் பொறுப்பு என்ற எல்லைக்கோடு. அக்கோட்டைக் கடப்பதற்கு உரிமம் தடை விதிக்கவில்லை. கடக்க வேண்டிய ஆய்வுத் தேவைகளும் உண்மையானவை. கடக்கும்போது விற்பனையாளர் சுமந்த பணி எவர் தோளில் வந்து சேர்கிறது என்பதைச் சேவையகத்தை நிறுவும் நாளிலேயே அறிந்து, அதற்குரிய ஆளையும் காலத்தையும் ஒதுக்குவது நிறுவனத்தின் கடமையாகும். ஒதுக்க இயலாத நிறுவனங்கள் புரவலரைத் தொடாமல் விட்டு, தனிப்பயன் கெர்னலை விருந்தினருக்குள் வைத்துக்கொள்வதே தக்கது.